லூச்சியாவின் நாளில் ரொட்டி

முப்பது வருடம் ஜெர்மனியில் இருந்துவிட்டுத் திரும்பிய நூன்ஸியோ, டிசம்பர் பதின்மூன்றாம் தேதி காலையில் சொந்த ஊரான சிராக்கூசாவின் கடைத்தெருவுக்குப் போய், கையில் ஒரு ரொட்டியோடு வந்து நின்றான். அடுப்பில் கோதுமையைக் கிளறிக்கொண்டிருந்த அக்கா வெனேராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இன்னிக்கு லூச்சியா நாளுடா. எவன்டா உனக்கு இதை வித்தான்?”

“சுற்றுலாக்காரங்க போற கடையில இருந்துச்சுக்கா. மறந்துட்டேன்.”

“ரொட்டிக் கடைக்காரர் பெத்த பிள்ளை மறக்கிற நாளாடா இது?”

நூன்ஸியோ ரொட்டியை மெல்ல மேசைக்கடியில் வைத்தான். “இந்த ஒரு நாள்தானே அப்பா நம்மகூட வீட்ல இருப்பாரு,” என்றான்.

கல்யாணம் வேண்டாமென்று சீதனத்தை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, சின்ன வயதிலேயே வெட்டுப்பட்டுச் செத்து, புனிதையானவள் இந்த ஊர்ப் பெண் லூச்சியா. பிற்காலத்தில் ஒரு பஞ்சத்தின்போது அவள் நாளன்று கோதுமைக் கப்பல் வந்ததாம். அரைக்கப் பொறுமையில்லாமல் ஊரே அதை அவித்துத் தின்றதாம். அதனால் அன்றைக்கு இங்கே ஒருவரும் ரொட்டி தொடமாட்டார்கள்.

வருடத்தில் அந்த ஒரு நாள்தான் அப்பாவின் அடுப்பு ஆறிக் கிடக்கும். மாவு ஒட்டாத கையால் வெனேராவைத் தூக்கித் தோளில் உட்காரவைத்து ஊர்வலம் காட்டுவார். கண்ணைக் காக்கிறவள் லூச்சியா என்பதால், தாண்டிப் போகும் அவள் வெள்ளிச் சிலையிடம் ஊரெல்லாம் கண்பார்வை கேட்கும். தோளில் இருந்த சிறுமி வருடா வருடம் கேட்டது ஒன்றுதான்: நாளைக்கும் இந்த ஊரில் யாரும் ரொட்டி தின்னக் கூடாது.