கோவேறு கழுதைக்கு வளைகாப்பு

ரெட்டியார்சத்திரத்துப் பக்கம் பசுவுக்கு வளைகாப்பு நடத்தியவர்கள் உண்டு. கோவேறு கழுதைக்கு நடத்தத் துணிந்தவன் பொன்னழகு ஒருவன்தான்.

தேங்காய் சுமக்க வாங்கிய அல்லிக்கு வயிறு ஊதிக்கொண்டே போனது. பொட்டைக் கழுதை, பெரிய வயிறு; இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? பத்தாம் வகுப்பில் அறிவியலை நம்பி மோசம் போனவன் பொன்னழகு. அதன் பிறகு கண்ணை மட்டும்தான் நம்பினான்.

மனதுக்குள் வேறொரு ஆசையும் இருந்தது. தம்பி மனைவி கௌசல்யாவின் வளைகாப்பில் ஐந்து வகைச் சோற்றையும் கிளறி இறக்கியவள் அவன் மனைவி புவனேஸ்வரி. ஆனால் வளையல் தட்டில் அவள் கை வைத்ததும், "நீ செத்த பொறு தாயி, பிள்ளை பெத்தவுக முதல்ல போடட்டும்" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். அந்தச் செத்த நேரம் வருஷக்கணக்காகியும் முடியவில்லை. தன் வீட்டு விசேஷத்திலாவது முதல் வளையலை அவள் போட வேண்டும்; ஒருத்தியும் தடுக்கக் கூடாது. அதற்குத்தான் இந்தப் பந்தல், மைக் செட்டு, ஊருக்கே சாப்பாடு எல்லாம்.

சிறப்பு விருந்தாளி கால்நடை டாக்டர் ரிஃபாத். திண்டுக்கல்லிலிருந்து ஸ்கூட்டரில் வந்திறங்கியவள், அல்லியின் கழுத்து மாலையைப் பார்த்துச் சிரித்தாள். எதற்கும் பார்ப்போம் என்று கையுறை மாட்டிச் சோதித்தாள். சிரிப்பு நின்றது. பொன்னழகைத் தென்னை மரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

"அண்ணே, உள்ள குட்டி இல்ல. கடலைக்கொடியும் காத்தும்தான்."

"நல்லாப் பாருங்க டாக்டரம்மா. எங்கிட்டாவது ஒதுங்கிக் கெடக்கும்."

"ஒதுங்குறதுக்கு அதென்ன சத்திரமா? இதுக்குக் குட்டியே பிடிக்காதுண்ணே. இதோட ஆத்தா குதிரை, அப்பன் கழுதை. உடம்புக்குள்ள குரோமோசோம்னு நூல்துண்டு மாதிரி இருக்கும். ஆத்தா வழியில முப்பத்திரண்டு, அப்பன் வழியில முப்பத்தொண்ணு. கருமுட்டை உண்டாகுறப்போ, அதுல ஒவ்வொண்ணும் அடுத்த பக்கத்துல தன்னை மாதிரியே இருக்கிற ஜோடியைத் தேடிப் பிடிச்சு ஒட்டி உக்காரணும். ஒண்ணுக்கொண்ணு கொஞ்சம் கொடுத்து வாங்கிட்டு, அப்புறம் ஆளுக்கொரு பக்கமாப் பிரியணும். அப்பத்தான் முட்டை முட்டையாகும்."

"ஒண்ணுதான மிச்சம்? ஒரு ஸ்டூலைப் போட்டு உக்கார வைக்கக் கூடாதா?"

"மத்ததும் சரியாச் சேரலையேண்ணே! ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. இதுல பாதி அதுல வேற எடத்துல இருக்கு. தேடித் தேடி அலைஞ்சு, ஜோடி அமையாம அம்புட்டும் அங்கனயே நின்னு போகுது. எங்கயாவது அபூர்வமா ஒண்ணு ஈனும். உங்க அல்லி அந்த ஒண்ணு இல்ல."

பொன்னழகு பந்தல் பக்கம் பார்த்தான். பெண்கள் வந்து நிறைந்துவிட்டார்கள். "வளையல் போட்டு முடியுற வரைக்கும் வாயைத் தொறக்காம இருங்க தாயி. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் இருந்துருவேன். ரெண்டு மாசம் கழிச்சுக் குட்டி எங்கன்னு கேப்பாங்கள்ல? முதல் வளையலைப் போட்டது யாருன்னும் கேப்பாங்க."

பொன்னழகுக்கு அப்போதுதான் உறைத்தது. புவனேஸ்வரியின் கைராசி என்றுதான் பேசுவார்கள். அவளுக்குப் பட்டுப்பாய் விரிப்பதாக நினைத்து, நெருஞ்சி முள்ளையல்லவா பரப்பி வைத்திருக்கிறான்! இந்த இரண்டு கழுதைகளில் தேங்காய் சுமக்காத கழுதைக்குத்தான் புத்தி கம்மி என்று அவனுக்கே பட்டது.

"அப்ப இது யாரு குத்தம் டாக்டரம்மா?"

திரும்பினால் புவனேஸ்வரி. கையில் டாக்டருக்கான பாயாச டம்ளர். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ!

"குத்தமா? யாரு குத்தமும் இல்லக்கா," என்றாள் ரிஃபாத். "அது பாட்டுக்கு நல்லாத்தான் இருக்கு. உழைக்குது, திங்குது. உள்ள ஜோடி சேரல, அம்புட்டுத்தான். அதுக்கு அது என்ன செய்யும்?"

புவனேஸ்வரி டம்ளரைப் புருஷன் கையில் திணித்துவிட்டு, டாக்டரின் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இதை மைக்குல சொல்லுங்க."

"அக்கா, வேணாம்..."

"குட்டி இல்லைங்கிறதையும் சொல்லுங்க. யாரு குத்தமும் இல்லைங்கிறதை ரெண்டு தரம் சொல்லுங்க."

ரிஃபாத் சொன்னாள். பந்தலில் முதலில் கெக்கலிப்பு. "ஏலே பொன்னழகு, கடலைக்கொடிக்கா வளைகாப்பு?" என்று ஒரு பெரிசு கத்த, பொன்னழகு பாயாசத்துக்குள் முகத்தை ஒளித்துக்கொள்ளப் பார்த்தான், டம்ளர் போதவில்லை. ஆனால் டாக்டர் அந்தக் கடைசி வரியை இரண்டாம் தரம் சொன்னபோது பெண்கள் பக்கம் சத்தம் அடங்கியது. சிலர் புவனேஸ்வரியைப் பார்த்தார்கள். சிலர் பார்க்க முடியாமல் தரையைப் பார்த்தார்கள்.

கௌசல்யாதான் எழுந்தாள். வளையல் தட்டை எடுத்து வந்து நீட்டினாள்.

"நீங்க ஆரம்பிங்கக்கா."

"குட்டிதான் இல்லையேடி?"

"வளையல் இருக்குல்ல?" என்று கௌசல்யா தன் கையை நீட்டினாள். கண் கலங்கியிருந்தது. "அல்லி கழுத்துல அப்புறம் கட்டிக்கலாம். முதல்ல எனக்குப் போடுங்க. அன்னைக்கே போட்டிருக்க வேண்டியது."

புவனேஸ்வரி பச்சை வளையலாகப் பார்த்து எடுத்தாள். கௌசல்யாவின் கை இப்போது கொஞ்சம் பூசினாற்போல் இருந்ததால் வளையல் லேசில் ஏறவில்லை. அவசரப்படாமல், உடையாமல், மெதுவாக ஏற்றினாள்.