ஆமையை ஏலம் விட்டது

சோபா தைத்து விற்கும் முன்னாள் கணவர் மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார் என்ற செய்தியை அவளிடம் நாத்தனார்தான் வந்து சொன்னாள். விவாகரத்து ஆகியும் நாத்தனார் உறவு மட்டும் அறுந்துபோகவில்லை.

"அண்ணன் கையை விரிச்சிடுச்சு, அண்ணி. பஞ்சு கொடுத்தவன், துணி கொடுத்தவன், பேங்க்காரன் எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. உங்க ஜீவனாம்சம் அவ்வளவுதான்."

"அவரு திவாலானா என் பாக்கியை நான் எதுக்கு மறக்கணும்?" என்றாள் அவள். மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டும் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. பாக்கி வராவிட்டால் படிப்பு நின்றுவிடும்.

அவளுடைய வக்கீலம்மா தைரியம் சொன்னார். "மத்த கடனையெல்லாம் கோர்ட்டு ரத்து பண்ணலாம். உங்களுக்குக் கொடுக்க வேண்டியதை ரத்து பண்ணாது. அவர்கிட்ட இன்னும் என்ன இருக்கு?"

ஆமை இருந்தது. தோலும் தடித்துணியும் தைக்கும் பழைய மெஷின். மெதுவாகப் போனாலும் நிற்காது என்று அவளே வைத்த பெயர். கல்யாணமான புதிதில் இருவரும் சேர்ந்து வாங்கியது. அவள் துணி வெட்டுவாள், அவர் தைப்பார்.

"தொழில் சாமான், மத்தவங்க தொட முடியாது. நீங்க கேட்டா கிடைக்கும்."

"கேளுங்க."

கோர்ட்டு வராந்தாவில் ஒரே பெஞ்சு, நடுவில் வக்கீலம்மா. பிரிந்த நாளிலிருந்து இருவரும் நேருக்கு நேர் பேசியதில்லை. யாரையாவது நடுவில் வைத்துத்தான். மகள் சின்னவளாக இருந்தபோது அவள்தான் தபால்காரி.

"வக்கீலம்மா, ஆமையை விட்டுடச் சொல்லுங்க அவங்ககிட்ட. அது இருந்தா நாலு சோபா தைச்சு ஃபீஸைக் கட்டிடுவேன்."

"இந்தப் பாட்டை எத்தனை வருஷமாக் கேக்கறேன்னு அவர்கிட்ட சொல்லுங்க."

"இந்தத் தடவை நிஜம்னு சொல்லுங்க."

"நான் என்ன ஒலிபெருக்கியா?" என்றார் வக்கீலம்மா.

இருவருக்கும் சேர்ந்தாற்போல் சிரிப்பு வந்துவிட்டது. அந்த நேரத்தில் அவர் பக்கம் திரும்பி, "எத்தனை நாள் வேணும்?" என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்காமல் ஏல மனுவில் கையெழுத்துப் போட்டாள்.

ஏலத்தில் ஆமையை எடுத்தது பழைய இரும்புக்கடைக்காரர். எடைக்கு விலை. வந்த காசு வண்டிக்கூலிக்கும் ஏலச் செலவுக்கும் சரியாய்ப் போயிற்று. நாத்தனார் தன் வளையலைக் கழற்றிக் கொடுத்தாள், மகள் படித்தாள். அவர் வேறொருவர் கடையில் கூலிக்குச் சேர்ந்து, கையூசியால் தோல் தைத்தார். அதிலும் மாதாமாதம் ஏதோ கொஞ்சம் மகளிடம் கொடுத்தனுப்பினார்.

கடைசியில் அவர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பார்க்கப் போனாள். மகள் மருந்து வாங்க இறங்கிப் போனாள். நடுவில் யாருமில்லை. அவர் தலைமாட்டில் தொங்கிய குளுக்கோஸ் பாட்டிலைப் பார்த்தார்.

"இந்த மாசம் கொஞ்சம் லேட்டாகும்னு அவங்ககிட்ட சொல்லு."

"பரவாயில்லைன்னு சொல்லு," என்று அவளும் பாட்டிலிடம்தான் சொன்னாள்.

மகள் திரும்புவதற்குள் அவர் தூங்கிப்போயிருந்தார். பிறகு கண் விழிக்கவே இல்லை. முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். பக்கத்தில்தானே இருந்தார்.