சனிக்கிழமை முறைத்தண்ணீர்

இருபது வருஷமாக அதே பாறையில் சறுக்கி இறங்குகிறவன் என் கணவன் நிக்கானோர். அன்றைக்கும் டீச்சருக்குக் காட்டுகிறேன் பேர்வழி என்று முதலில் இறங்கினான். சர்ரென்று போய்க் கீழே குட்டைக்குள் விழுந்தான். எழுந்திருக்கவில்லை.

"என்ன, அங்கயே குடித்தனம் பண்ணப் போறியா?" என்று மேலிருந்து கத்தினேன்.

"கால் வரமாட்டேங்குது, தேலியா."

"விளையாடாத. டீச்சர் பயந்துருவாங்க."

"நான் ஏற்கெனவே பயந்துதான் இருக்கேன்," என்றார் கிரிசெல்டா டீச்சர்.

அவர் மோந்தெர்ரே நகரத்தில் கணக்கு டீச்சர். வயது ஐம்பத்திரண்டு. லீவுக்கு எல்லாரும் கடற்கரைக்குப் போக, இவருக்கு மட்டும் பள்ளத்தாக்கில் கயிறு கட்டி இறங்க வேண்டும் என்று ஆசை வந்திருந்தது. அப்படி ஆட்களை இறக்கிக் கூட்டிப் போவதுதான் எங்கள் பிழைப்பு. காலை ஏழு மணியிலிருந்து, கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று எட்டுத் தடவை கேட்டுவிட்டார். எனக்குப் பொறுமை கம்மி. எட்டாவது தடவை, "செத்துருவோம் டீச்சர்" என்று சொல்லிவிட்டேன்.

கயிற்றைப் பிடித்துக் குட்டைக்கு இறங்கிப் பார்த்தேன். நிக்கானோரின் இடது பாதம் தண்ணீருக்கடியில் இரண்டு பாறைகளுக்கு நடுவே போய் ஆப்பு அடித்த மாதிரி சிக்கியிருந்தது. முழங்கால் மடங்கிக் கிடந்ததால் அவனால் நிமிர முடியவில்லை, பாதி உட்கார்ந்த நிலை. தண்ணீர் மார்பு வரை இருந்தது. அதுவரை எனக்குப் பயமில்லை, எரிச்சல்தான். முங்கிப் போய்க் கத்தியால் ஷூ லேஸை அறுத்தேன். டீச்சரைக் கயிற்றில் கீழே இறக்கி, அவரையும் சேர்த்து இழுக்கச் சொன்னேன். கிடைத்த கட்டையை விட்டு நெம்பினேன். அரை மணி நேரம் போயிற்று. கால் அசையவில்லை.

சனிக்கிழமைகளில்தான் புது ஆட்களை இந்தப் பள்ளத்தாக்குக்குக் கூட்டி வருவோம். ஓடைத் தண்ணீரைத் தோட்டக்காரர்கள் முறை வைத்துப் பாய்ச்சுகிற ஊர் எங்களுடையது. சனிக்கிழமை முழுக்க ஹிலாரியோவின் முறை. மேலே மதகைத் திறந்து ஓடையைத் தன் ஆப்பிள் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்வான். அன்றைக்குக் கீழே எங்களுக்கு வருவது கசிவுதான்.

சத்தம்தான் முதலில் மாறியது. சலசலவென்று விழுந்துகொண்டிருந்த தண்ணீர் திடுமென்று கனத்தது. சருகும் குச்சியுமாகப் பாறையில் இறங்கி வந்தது. நிக்கானோரின் தோளைப் பார்த்தேன். தோள் தெரியவில்லை.

மணி பன்னிரண்டேகால். அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஹிலாரியோவின் மகள் யரெட்ஸிக்கு இன்றைக்குப் பதினைந்தாவது பிறந்தநாள் விருந்து, எங்கள் பக்கம் அது கல்யாணத்துக்குச் சமம். விருந்து அதே தோட்டத்தில். தரை ஈரமாகக் கூடாது என்று தன் முறையை விட்டுக் கொடுத்திருந்தான். காலைத் தண்ணீர் மேல் வயல்காரி ரூஃபினாவின் சோளத்துக்கு, மதியத்துக்கு மேல் யாருக்கும் இல்லை. ஆக, பன்னிரண்டு மணிக்கு ரூஃபினா தன் மதகை அடைத்தால் மொத்த ஓடையும் எங்கள் தலைமேல். பத்து நாளுக்கு முன்னால் அழைக்க வந்தபோதே ஹிலாரியோ இதை வாசலில் நின்று சொன்னான். விருந்தை ஞாபகம் வைத்துக்கொண்டேன். பெண்ணுக்குத் தோடுகூட வாங்கி வைத்தேன். தண்ணீரை மறந்துவிட்டேன்.

"மேல போய் ஹிலாரியோகிட்ட மதகத் திறக்கச் சொல்றேன்," என்றேன். "டீச்சர், இங்க வாங்க. இவன் தலைக்குப் பின்னால நில்லுங்க. தாடை தண்ணிக்கு மேலயே இருக்கணும்."

"எனக்கு நீச்சல் தெரியாதும்மா."

"இவனுக்குத் தெரியும். என்ன பிரயோஜனம்?"

டீச்சர் இடுப்பளவுத் தண்ணீரில் நடுங்கிக்கொண்டே வந்து அவன் தாடையைப் பிடித்தார். "வாய் முங்கிட்டா?"

"மூக்கப் பொத்திக்கிட்டு, வாயோட வாய் வெச்சு உங்க மூச்ச ஊதுங்க. நான் வர்ற வரைக்கும் நிறுத்தாதீங்க."

"பொண்டாட்டியே சொல்றா, டீச்சர். கூச்சப்படாதீங்க," என்றான் நிக்கானோர். உதடு நீலம் பாரித்திருந்தது. அவனை அறையவும் வேண்டும்போல இருந்தது, கட்டிக்கொள்ளவும் வேண்டும்போல இருந்தது. இரண்டுக்கும் நேரமில்லை.

பக்கப் பாறையில் இரும்புப் படிகள் அறைந்திருக்கும். அதில் ஏறி, முள்ளுச் சரிவில் கையையும் காலையும் ஊன்றி ஓடினேன். சாதாரணமாக இருபது நிமிஷ ஏற்றம். எத்தனை நிமிஷத்தில் ஏறினேன் என்று தெரியாது. தாடை, தாடை என்று சொல்லிக்கொண்டே ஏறியது மட்டும் தெரியும்.

தோட்டத்தில் அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தார்கள். மரங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி விரித்த நீள மேஜைகள், ஐந்தடுக்கு கேக், தணலைச் சுற்றிலும் கம்பியில் குத்தி நிறுத்திய ஆட்டுக்குட்டிகள். பாதிப் பேர் உட்கார்ந்துவிட்டார்கள். ரப்பர் உடுப்பும் ஹெல்மெட்டுமாக நான் நுழைந்ததும் ஒரே சிரிப்பு.

"தேலியா! விருந்துக்கு வர்ற டிரெஸ்ஸா இது?" என்றான் ஹிலாரியோ. கோட்டு சூட்டில் வியர்த்துக்கொண்டிருந்தான்.

"மதகத் திற அண்ணே. தண்ணிய இந்தப் பக்கம் விடு. நிக்கானோர் கால் கீழ மாட்டிக்கிச்சு."

அவன் முகத்தில் சிரிப்பு போனது. மேஜைகளைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான். "நான் சொன்னேனே, தேலியா. பன்னெண்டுக்கு மேல கீழ வரும்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே."

"சொன்ன. மறந்துட்டேன். உன் கால்ல விழறேன், திற."

சூட்டுப் பையைத் தடவினான். மறு பக்கப் பையையும் தடவினான். "மதகுப் பூட்டுச் சாவி வேலைக்குப் போடுற பேன்ட்ல இருக்கு. வீட்ல."

வீடு மலைச்சரிவின் அந்தப் பக்கம். போய் வரக் கால் மணி நேரம். எனக்கு அழுகை வந்துவிட்டது, எல்லார் முன்னாலும் வாய்விட்டே அழுதேன். ஹிலாரியோ என்னைப் பார்க்கவில்லை. தணலுக்குப் போய், ஒரு ஆட்டுக்குட்டியை இரும்புக் கம்பியோடு பிடுங்கினான். இறைச்சியை உதறிப் புல்லில் தள்ளிவிட்டு, கைக்குட்டையைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு மதகுக்கு ஓடினான். பூட்டுக்குள் கம்பியை விட்டு நெம்பினான். மூன்றாவது நெம்பில் பூட்டு தெறித்தது. சக்கரம் இறுகியிருந்தது. அக்கார்டியன்காரனும் இரண்டு மாமன்மாரும் வந்து சேர்ந்து திருகினார்கள்.

ஓடை தோட்டத்துக்குள் பாய்ந்தது. பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நாற்காலி மேல் ஏறினார்கள். கேக் மேஜை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. யரெட்ஸி பாவாடையை முழங்கால் வரை வாரிச் சுருட்டிக்கொண்டு சேற்றுத் தண்ணீரில் நின்று அழுதாள்.

"இங்க நின்னு என்ன வேடிக்க பாக்குற? போ!" என்றான் ஹிலாரியோ.

ஏறியதைவிட இறங்கும்போதுதான் பயம். மதகை மாற்றினாலும் ஏற்கெனவே கீழே இறங்கிவிட்ட தண்ணீர் குட்டையைத் தாண்டிப் போக நேரம் ஆகும். அவன் போய்விட்டிருந்தால் டீச்சர் எப்படிச் சொல்வார், நான் யாரிடம் சொல்வேன், இதைத்தான் நினைத்தேன். இரும்புப் படியில் இரண்டு இடத்தில் கால் வழுக்கியது.

படியின் நடுவிலிருந்து பார்த்தபோது டீச்சரின் சிவப்பு ஹெல்மெட் மட்டும்தான் தெரிந்தது. நிக்கானோரின் முகம் தெரியவில்லை.

டீச்சருக்கே தண்ணீர் கழுத்து வரை வந்திருந்தது. நிமிர்ந்து மூச்சை இழுத்தார், முகத்தைத் தண்ணீருக்குள் விட்டார், நிமிர்ந்தார். "நாற்பத்தியேழு," என்றார். மறுபடி குனிந்தார். "நாற்பத்தியெட்டு." நான் குட்டையில் குதித்தது அவருக்குக் காதில் விழவே இல்லை. தண்ணீருக்குள் கையை விட்டேன். நிக்கானோர் என் மணிக்கட்டை இறுகப் பிடித்தான்.

"நான் மாத்திக்கிறேன் டீச்சர்."

"பேச்சக் குடுக்காத. எண்ணிக்க விட்டுரும்," என்று அதட்டினார். நான் வாயை மூடிக்கொண்டு அவன் தலையைத் தாங்கினேன்.

அறுபத்தி மூன்றில் அவன் மூக்கு வெளியே வந்தது. எழுபதில் வாய். இருமி இருமிக் குடல் வெளியே வந்துவிடும்போல இருமினான். கால் மணி நேரத்தில் தண்ணீர் இடுப்புக்கு இறங்கியது. இறங்கிய பிறகு இடுக்கு கண்ணுக்குத் தெரிந்தது. கட்டையைச் சரியான இடத்தில் கொடுத்து மூன்று பேருமாக அழுத்தினோம், பாதம் வந்துவிட்டது. கணுக்கால் உடைந்து, பார்க்கச் சகிக்காமல் வீங்கியிருந்தது. ஆனால் ஆள் உயிரோடு இருந்தான். அவனைப் பாறைமேல் இழுத்துப் போட்டு, ஈரத் தலையை மடியில் வைத்துக்கொண்டேன்.

டீச்சர் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிக்கானோர் அவர் கையை எடுத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டான். எனக்கு அதற்குமேல் தாங்கவில்லை.

"தப்பு என்னோடதுதான்," என்றேன். "ஹிலாரியோ எங்கிட்ட சொன்னான். இன்னிக்கு மத்தியானம் தண்ணி வரும்னு. மறந்தே போயிட்டேன் நிக்கா."

அவன் கண்ணைத் திறக்கவில்லை.

"எங்கிட்டயும் சொன்னான்," என்றான். "புதன்கிழமை, கடையில வெச்சு. நான் மறக்கல. பன்னெண்டுக்குள்ள வெளிய போயிரலாம்னு நெனச்சேன். உங்கிட்ட சொன்னா வேண்டாம்னுருவ. இந்த மாசத்துல வந்த ஒரே ஆளு இவங்க."

என் கை அவன் தலைமுடியில் அப்படியே நின்றுவிட்டது.

டீச்சர் தன் கையை அவன் நெற்றியிலிருந்து எடுத்தார். அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"ஆக, ரெண்டு பேருக்கும் சொல்லியிருக்காங்க," என்றார். "எனக்கு மட்டும்தான் யாரும் சொல்லல."

மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் எழுந்து இரும்புப் படிப் பக்கம் போனார். பாதுகாப்புக் கயிற்றை மாட்டிவிட நான் கை நீட்டினேன்.

"எப்படி மாட்டணும்னு சொல்லு. நீ தொடாத," என்றார்.

சொன்னேன்.