கைதுப் பிரிவுக்கு நேரடி வர்ணனை

சட்டக் கல்லூரியின் மாதிரி நீதிமன்றப் போட்டிக்கு அக்கா பெயர் கொடுத்துவிட்டாள். கல்லூரியிலிருந்து பாடத்தொகுப்பும் வந்தது. குற்றவியல் நடைமுறைச் சட்டம், தனிமனித உரிமைகள், முக்கியமான தீர்ப்புகள், எல்லாம் ஒரே கோப்பில். பிறந்ததிலிருந்தே பார்வை இல்லாத அவளுக்குக் கைப்பேசிக் குரல்தான் புத்தகம் வாசித்துக் காட்டும். அன்று அந்தக் குரல் "படம்" என்றது. அடுத்த பக்கத்துக்குப் போனாள். அங்கேயும் "படம்." யாரோ புண்ணியவான் புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.

நூலகத்தில் ஒலிப்பதிவு ஒன்று இருந்தது. அது கைது அத்தியாயம் தொடங்கும் இடத்தில் நின்றுபோயிருந்தது. வாசித்த பெண் வேறு ஊரில் வேலை கிடைத்துப் போய்விட்டாளாம். போட்டியில் கொடுத்திருந்த வழக்கோ முழுக்க முழுக்கக் கைதைப் பற்றியது.

வீட்டில் மிச்சமிருந்த ஒரே வழி தம்பி. கால்பந்து மைதானத்தில் வர்ணனை செய்கிறவன். மெதுவாகப் பேசவே வராது, அதனால் வீட்டில் அவனுக்குப் பெயர் மைக். அவனுக்குச் சட்டம் என்றாலே கொட்டாவி. இருந்தாலும் அக்கா கேட்டாளே என்று உட்கார்ந்து, மருந்துச் சீட்டு படிப்பதுபோல இரண்டு பக்கம் வாசித்தான். அவளுக்குக் கண் சொக்கியது.

"நீ படிக்கிறதக் கேட்டா, புடிக்க வந்த போலீஸே தூங்கிடும்டா" என்றாள்.

ரோஷம் வந்துவிட்டது அவனுக்கு. தொண்டையைக் கனைத்துக்கொண்டு மைதானக் குரலில் ஆரம்பித்தான். "இதோ காவலர் முன்னேறுறார். வாசலத் தாண்டிட்டார். கையப் புடிச்சாச்சு. ஆனா காரணம் சொன்னாரா? சொல்லலையே. நடுவர் விசில் எங்கே?" அடுப்படியில் இருந்த அம்மா, யார் ஜெயிக்கிறார்கள் என்று கேட்டாள். அக்கா சிரித்துச் சிரித்துப் புரையேறிப் போனாள். ஆனால் அந்தப் பிரிவு அப்படியே மனதில் ஒட்டிக்கொண்டதை அவள் கவனித்தாள். இனி இப்படியே படி, கைப்பேசியில் பதிவு செய்துகொள்கிறேன் என்றாள். முதலில் சட்டத்தின் வாசகம், எழுத்து பிசகாமல். பிறகு அதற்கு வர்ணனை.

விளையாட்டாகத் தொடங்கியவன் நாலைந்து பிரிவுக்குள் தானே மாட்டிக்கொண்டான். ஓரிடத்தில் பதிவை நிறுத்திவிட்டுக் கேட்டான்.

"அப்போ என்னை எதுக்குக் கூட்டிட்டுப் போறீங்கன்னு நாம கேக்கலாமா?"

"நாம கேக்க வேண்டியதே இல்லடா. அவங்களாவே சொல்லணும்."

 அவன் பக்கங்களை முன்னும் பின்னும் புரட்டி, வீட்டாருக்குத் தகவல் சொல்ல வேண்டுமா, வக்கீலை எப்போது பார்க்கலாம், ஒரு நாளைக்குள் நீதிபதி முன் நிறுத்தாவிட்டால் என்ன ஆகும் என்று துளைத்தெடுத்தான். பாதிக்கு அவளுக்கே பதில் தெரியவில்லை. இருவரும் சேர்ந்து தேடினார்கள். பதிவுகள் எப்படியோ வகுப்புக்கும் பரவிவிட்டன. கண் தெரிந்தவர்களும் பேருந்தில் அதைத்தான் கேட்டுக்கொண்டு போனார்கள்.

போட்டியன்று கூடம் நிரம்பி வழிந்தது. வழக்கு இதுதான்: ஒரு லாரி ஓட்டுநரை வீட்டிலிருந்து கூட்டிப்போய், யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்து, வாக்குமூலம் வாங்கிவிட்டார்கள். ஓட்டுநர் தரப்பில் அக்கா. எதிர்த்தரப்பு மாணவன் நன்றாகவே பேசினான். ஓட்டுநர் வக்கீல் வேண்டும் என்று கேட்கவே இல்லை என்பது அவன் வாதம். நடுவராக வந்திருந்த ஓய்வுபெற்ற நீதிபதி அக்காவிடம் திரும்பி, கேட்காத உரிமை எப்படி மறுக்கப்பட்டதாகும் என்றார்.

அவளுக்குள் எல்லாப் பிரிவுகளும் ஒரே நேரத்தில் எழுந்து நின்றன. உரிமை இருப்பது தெரிந்தால்தானே கேட்பார், தெரிவிப்பது காவலரின் கடமையல்லவா என்று தொடங்கினாள். பிரிவும் தீர்ப்பும் தங்குதடையின்றி வந்தன. வேகம் ஏற ஏற, வாய் தவறிவிட்டது. "நேரம் ஓடிக்கிட்டே இருக்கு ஐயா, பந்து இன்னும் ஸ்டேஷனுக்குள்ளேயே இருக்கு."

கூடம் வெடித்துச் சிரித்தது. கடைசி வரிசையில் தம்பி தலையில் கை வைத்துக்கொண்டான். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது. நீதிபதி சிரிக்கவில்லை.

"அந்தப் பந்து எப்போ வெளியே வந்ததுன்னு ஆவணத்துல இருக்காம்மா?"

"இல்லைங்க ஐயா. கைது நேரமே எழுதல. அதுதான் என் வழக்கே."

இப்போது எதிர்த்தரப்பு மாணவன் அவசரமாகத் தாள்களைப் புரட்டினான்.  அவனுக்கு எதுவும் அகப்படவில்லை. வாக்குமூலத்தை ஏற்க முடியாது என்றார் நீதிபதி. தம்பி நாற்காலி மேலேயே ஏறிவிட்டான். காவலாளி வந்து இறக்கிவிட்டார்.

வெளியே வந்ததும் அந்த எதிர்த்தரப்பு மாணவனே ஓடிவந்து கை குலுக்கி, பதிவுகளைத் தனக்கும் அனுப்பச் சொன்னான். பேருந்து நிறுத்தத்தில் தம்பிக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஜாமீன் அத்தியாயத்தை இப்போதே தொடங்கலாமா என்றான். அவள் கைப்பேசியில் பதிவை அழுத்தினாள். அவன் குரலெடுத்ததும், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் ஒவ்வொருவராக நெருங்கி வந்தார்கள்.