மோத்தியின் வாலடியில் ஒரு சிவப்பு இழை

1

முதலில் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். எதிர்வீட்டு நெசவாளி ரேணுகாதேவி, தன் நாய் மோத்தி இரண்டு நாளாக மலம் கழிக்கவில்லை என்று வந்து சொன்னபோது, "விளக்கெண்ணெய் ஊற்றும்மா" என்றவன் நான். முப்பத்தைந்து ஆண்டு பாடம் நடத்தியவனுக்குத் 'தெரியாது' என்ற சொல் எளிதில் வருவதில்லை. நல்லவேளையாக அவள் என்னை நம்பாமல் கால்நடை மருத்துவரைத் தொலைபேசியில் கேட்டாள். எண்ணெய் கூடாது, மனிதருக்கான பேதி மருந்து எதுவும் கூடாது என்றார் அவர். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமே இக்கதை.

2

முதல் வரைவு: 'ஆரணி நகரில் அறிவுள்ள நாயொன்று வாழ்ந்து வந்தது. ஒருநாள் அது தன் எசமானியை நோக்கி'

இல்லை. என் கதைகளில் விலங்குகள் பேசும். ஆனால் மோத்தி பேசினால் எங்கே வலிக்கிறது என்று சொல்லிவிடும். பிறகு கதை எதற்கு? அது முதுகை வளைத்து முக்குகிறது. ஒன்றும் வரவில்லை. அவளைத் திரும்பிப் பார்க்கிறது. இவ்வளவே எழுத எனக்கு உரிமை.

3

ரேணுகாதேவி மருத்துவர் சொன்னபடியே செய்தாள். எலும்பை நிறுத்தினாள். தண்ணீர்ச் சட்டி கூடுதலாக ஒன்று வைத்தாள். உப்பில்லாமல் வேகவைத்த பரங்கிக்காயைக் கொஞ்சம் மசித்துச் சோற்றில் பிசைந்தாள். காலையும் மாலையும் நடத்திக் கூட்டிப்போனாள். (தறியில் ஒரு கல்யாணப் புடவை பாதியில் நின்றது. அதை அடைப்புக்குறிக்குள் தள்ளியவள் அவள்தான், நானல்ல.)

"நாய்க்கு பரங்கிக்கா மசிச்சிகினு கீறே. எனக்கு என்னிக்காவது மசிச்சியா?" என்றான் கணவன் மணவாளன்.

"உனக்குத்தான் பல்லு கீதே. மென்னு துன்னு."

4

மறுநாள் காலை மோத்தி வாந்தி எடுத்தது. வாலடியில் ஒரு சிவப்பு இழை தொங்கியது. பட்டு. தறியடியில் கிடந்த கழிவு நூலை விழுங்கியிருக்கிறது.

"இஸ்து வுடு, ஜல்தியா வந்துடும்" என்றான் மணவாளன்.

அவள் கை இழையை இழுக்கப் போயிற்று. நூல்முனையைக் கண்டால் பற்றுவது அந்தக் கைக்கு இருபது ஆண்டுப் பழக்கம்.

இவ்விடத்தில் நான் எழுதியிருந்தது: 'இழை முழுதும் வந்தது. மோத்தி துள்ளிக் குதித்தது.' அவ்வரியில் எனக்குப் பெருமை. அவளிடமே படித்துக் காட்டினேன்.

"அந்த வரிய அடிச்சிடுங்க சார்."

"ஏம்மா?"

"சிக்கு வுழுந்த நூல ஒரு முனையப் புடிச்சி இஸ்தா இன்னா ஆவும்? இறுகிடும். பட்டு விரலையே அறுக்கும் சார், உள்ள கீறது கொடலு. இத்தப் படிச்சிட்டு எவனாச்சும் இஸ்தான்னா?"

அடித்துவிட்டேன்.

5

உண்மையில் நடந்தது இது: இழையைத் தொட்ட விரலை அவள் எடுத்துக்கொண்டாள். "ஆட்டோவைக் கூப்புடுய்யா" என்றாள்.

மருத்துவமனையில் நடந்ததையும் எழுதப் பேனாவை எடுத்தேன். அதற்கும் தடை போட்டாள்.

"பொழச்சிச்சின்னு எழுதினா, இன்னும் ஒரு நாள் பாக்கலாம்னு ஒக்காந்துப்பாங்க. செத்துச்சின்னு எழுதினா, போயி இன்னா ஆவப்போவுதுன்னு ஒக்காந்துப்பாங்க. நான் ஆட்டோல ஏறனத்தோட வுட்டுடுங்க சார்."

விட்டுவிட்டேன். வண்டி கிளம்பிவிட்டது. மோத்தி அவள் மடியில் கிடக்கிறது. மறந்தும் இழையைத் தொட்டுவிடாதபடி வலக்கையை இறுக மூடி வைத்திருக்கிறாள்.

இக்கதைக்கும் ஒரு முனை வெளியே தொங்குகிறது. தயவுசெய்து இழுக்காதீர்கள்.