மாமனாரின் பெயர்

கிர்கிஸ் நாட்டு நாரின் மலைப்பகுதியின் அவசர உதவி மையத்தில் அழைப்புகளை இப்போது செயற்கை அறிவு உதவியாளர்தான் எடுக்கிறது. நோயாளியின் கோப்பைத் தேடும், வரைபடத்தில் வீட்டைக் கண்டுபிடிக்கும், ஆம்புலன்ஸை அனுப்பும். எதை எப்போது செய்ய வேண்டும் என்று அதற்கு எழுதிக்கொடுத்தவன் எர்மெக். பக்கத்தில் உட்கார்ந்து அது பேசுவதைக் கண்காணிப்பது என் வேலை.

அன்று மதியம் ஒரு பெண் அழைத்தாள்.

“பெரியவருக்கு மூச்சு விட முடியல! சீக்கிரம் வாங்க!”

“அவருடைய முழுப் பெயரைச் சொல்லுங்கள்.”

“என் புருஷனோட அப்பாங்க.”

“பெயரைச் சொன்னால்தான் உதவ முடியும்.”

“ஐயோ, நான் எப்படிங்க சொல்லுவேன்? எல்லாரும் மலை மேல மேய்ச்சலுக்குப் போயிட்டாங்க!”

மறுபடியும் அது பெயரைத்தான் கேட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் கிர்கிஸ் வீடுகளில் எந்த மருமகள் மாமனார் பெயரை வாயில் எடுப்பாள்? அழைப்பை நான் வாங்கினேன்.

“பேரு கிடக்கட்டும்மா, வீடு எங்க இருக்கு?”

ஆற்றுப் பாலம் தாண்டி நீலக் கதவு வீடு என்றாள். ஆம்புலன்ஸை அங்கே விரட்டினேன். ஆக்சிஜன் வைத்தாகிவிட்டது, பெரியவர் கண் திறந்துவிட்டார் என்று ஓட்டுநர் சொல்லும்வரை என் உயிர் என்னிடம் இல்லை.

நேரே எர்மெக்கிடம் போனேன். “என்னடா எழுதி வச்சிருக்க அதுக்கு?”

காட்டினான்: ‘பெயர் தெரியாமல் கோப்பு, வரைபடம், வண்டி என எந்தக் கருவியையும் பயன்படுத்தாதே.’

“அப்பதான் தப்பான ஆளோட கோப்பைத் திறக்காதுக்கா. ஒத்துக்காத மருந்து போயிட்டா?”

“அந்தக் காரணத்தை அதுகிட்ட சொன்னியா? கோப்புக்குப் பேரு வேணும், வண்டிக்கு எதுக்கு? வெறும் கட்டளையைப் போட்டா அது வேற என்ன செய்யும், பாவம்!”

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, ‘ஒருபோதும் பெயர் கேட்காதே!!!’ என்று தட்டினான்.

“வெளங்கிடும்! அப்ப மருந்து?”

“சாகக் கிடக்கும்போதும் பேரைச் சொல்ல மாட்டாங்கன்னா நான் என்ன பண்றது? என் பொண்டாட்டியெல்லாம் சட்டுனு சொல்லிடுவா.”

“கேளு, பாப்போம்.”

மனைவிக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தான். “நூர்சுலு, எங்கப்பா பேரு என்ன?”

“பட்டப்பகல்லயே குடிச்சிட்டீங்களா?”

“சும்மா சொல்லு.”

“சீ, போங்க!” என்று சிரித்தாள். “மாமா பக்கத்துலதான் டீ குடிச்சிட்டிருக்காரு.”

“அவருக்கு மூச்சு முட்டுதுன்னு வச்சுக்க. நீ போன் பண்ற. பேரு கேக்குறாங்க.”

அவள் சிரிப்பு நின்றுபோயிற்று. “வாயத் திறப்பேங்க,” என்றாள் மெதுவாக. “ஆனா வராது.”

எர்மெக் எல்லாவற்றையும் அழித்தான். ‘முதலில் இடத்தைக் கேள், வண்டியை அனுப்பு. கோப்பைத் திறக்க மட்டுமே பெயர் வேண்டும், ஏனென்றால் தவறான கோப்பு ஆளைக் கொன்றுவிடும். மருமகள்கள் மாமனார் பெயரைச் சொல்ல மாட்டார்கள். வற்புறுத்தாதே. பெயர் சொல்லக்கூடிய வேறு உறவினரின் எண்ணைக் கேள்.’

பிறகு, வண்டி கிளம்பாத சோதனை இணைப்பில் மனைவியைப் பேசச் சொன்னான்.

“எங்க வீட்டுப் பெரியவருக்கு மூச்சு விட முடியல,” என்றாள் நூர்சுலு. சும்மா சொல்லும்போதே குரல் நடுங்கியது.

“எங்கே இருக்கிறீர்கள்?” என்று கேட்டது அது.

எர்மெக் என் பக்கம் திரும்பாமல் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.