எடுத்தாச்சு

மகள் கார் சாவியை மேஜைமேல் போட்டாள்.

"அம்மா, இன்ஜின் முழுக்க எண்ணெய்ப் பிசுக்கா இருக்காம். நல்லா சுத்தம் பண்ணிக் கொண்டான்னு மாமனார் சொல்லி அனுப்பினாரு. உங்க சம்பந்தி அந்த வண்டியப் பெத்த புள்ள மாதிரி வளக்கறாரு."

"பெத்த புள்ளைய யாராவது இவ்வளவு அழுக்கா வளப்பாங்களா?" என்றாள் அம்மா.

மூலையில் ஒரு சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டிருந்த அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாதியில் விழுங்கிக்கொண்டார். சிரித்தால் சமாதானம் ஆகிவிட்டதாக அர்த்தம் வந்துவிடும்.

வண்டி கழுவும் அந்தக் கொட்டகை இரண்டு பேருக்கும் சொந்தம். வெளிப்பக்கம், சக்கரம், பாலிஷ் அவர் பொறுப்பு. காரின் முன்பக்க மூடியைத் தூக்கினால் உள்ளே இருப்பதெல்லாம் அவள் பொறுப்பு. போன வாரம் சம்பந்தி வந்தபோது சாதாரணமாகத்தான் கேட்டார்: "இன்ஜினெல்லாம் யாரு பாக்கறது? சம்பந்தியம்மாவா?"

"அவளா? அவ சும்மா துடைப்பா. மத்ததெல்லாம் நான்தான்."

அவள் அப்போது தேநீர்த் தட்டோடு பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

பேச்சு இல்லை என்றால் ஒரேயடியாக வாய்ப்பூட்டு இல்லை. அந்த வீட்டில் கோபம் வந்தால் 'நீ'யும் 'நீங்க'ளும் காணாமல் போகும், அவ்வளவுதான். 'சாப்பிட்டாச்சா?' 'ஆச்சு.' 'கதவு பூட்டியாச்சா?' 'பூட்டியாச்சு.' கேட்பவர் சுவரைப் பார்த்துக் கேட்பார். பதிலும் சுவரிடமிருந்தே வந்ததாக வைத்துக்கொள்ள வேண்டியது.

மகளுக்கு இது பழைய பாடம். "இன்னிக்கு யாரோட முறை? கேக்கறதா, ஆச்சுன்னு சொல்றதா?"

"போடி, உள்ள போய் ஃபேனைப் போட்டு உக்காரு. வண்டி சூடு ஆறட்டும்."

மூடிமேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்து, சூடு நன்றாகத் தணிந்த பிறகுதான் அம்மா வேலையைத் தொட்டாள். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றி ஒதுக்கினாள். தண்ணீர் ஆகாத இடங்களைப் பையால் மூடினாள்: காற்று உள்ளே போகும் வாய்க்கு ஒன்று, ஃபியூஸ் பெட்டிக்கு ஒன்று, பேட்டரிக்கு ஒன்று. மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டர் கீழே, இருட்டில், வண்டி ஓடும்போது கொதிக்கும் புகைக்குழாய்க்குப் பக்கத்தில் இருந்தது. அதற்கு ஒரு கருப்புப் பையைச் சுற்றி, நழுவாமல் இருக்க ஒரு பழந்துணியையும் செருகினாள். அதன்பிறகு பிசுக்கு நீக்கும் திரவத்தைத் தெளித்து, சந்து பொந்தெல்லாம் பிரஷ்ஷால் தேய்த்து, குழாயை மெல்லத் திறந்து வழியவிட்டாள். அழுத்தத்தில் தண்ணீர் பீய்ச்சுவது அவளுக்குப் பிடிக்காது. "குழந்தைக்குத் தலைக்கு ஊத்தற மாதிரி ஊத்தணும்" என்பாள்.

மேலே இருந்த மூன்று பைகளையும் எடுத்துத் தரையில் போட்டாள். கீழே இன்னும் சொட்டிக்கொண்டிருந்ததால் கருப்புப் பை அப்படியே இருந்தது. காற்றடித்துக் காயவைத்த பிறகு எடுத்துக்கொள்ளலாம். காற்றடிப்பது அவர் வேலை, அந்த மிஷின் கனம். அதற்குள் வாசலில் ஒரு வேன்காரர் கூப்பிட்டார், சீட் துவைக்க என்ன ஆகும் என்று. போனாள்.

திரும்பி வந்தபோது காற்றடித்து, வயரை மாட்டி, மூடியையும் இறக்கியாகிவிட்டது. மூடி திறந்தபடி கொஞ்ச நேரம் இன்ஜினை ஓடவிட்டுப் பார்ப்பது வழக்கம். மகளோ ஏற்கெனவே ஸ்டியரிங்கில் உட்கார்ந்திருந்தாள். "மாமியார் ரெண்டு தரம் கூப்பிட்டுட்டாங்க, நான் கிளம்பறேன்." அப்பா செல்போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அம்மா சுவரைப் பார்த்தாள். "எல்லாம் எடுத்தாச்சா?"

"எடுத்தாச்சு" என்றார் அவர், போனைப் பார்த்தபடி.

"ரெண்டு பேரும் நல்லா எடுத்தீங்க!" என்று சிரித்துவிட்டு மகள் போய்விட்டாள்.

தேநீருக்குத் தண்ணீர் வைத்தபோது அம்மாவின் போன் ஒலித்தது. கழுவி முடித்த இன்ஜினின் படத்தை அவர் அனுப்பியிருந்தார். சம்பந்திக்கும் அதே படம் போயிருக்கும். பளபளவென்றுதான் இருந்தது. ஒரு வயரின் ஓரம் காய்ந்ததா என்று பார்க்கப் படத்தைப் பெரிதாக்கினாள். கீழே, இருட்டில், கருப்பாக ஒரு மினுக்கு.

"இங்க வாங்க!"

அந்த 'வாங்க'வைக் கேட்டதும் அவர் எழுந்துவிட்டார். ஒரு வாரமாகக் காதில் விழாத சொல். ஓடி வந்தார்.

"எடுத்தாச்சுன்னு சொன்னீங்களே!"

"எடுத்தாச்சே. அதான் உனக்கும் அனுப்பினேன்."

"நான் பையக் கேட்டேன்!"

"பையா? வழக்கமா எடுக்கற போட்டோன்னு நெனச்சேன். பையெல்லாம்தான் கீழ கெடந்துச்சே, நீ எடுத்துட்டேன்னு..."

"மூணுதான் கெடந்துச்சு. நாலாவது உள்ள இருக்கு. துணியோட. புகைக்குழாய் பக்கத்துல."

அடுப்பை அணைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. அவர்தான் அணைத்தார். மகளின் எண்ணுக்குப் போன் அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுக்க மாட்டேங்கறா."

"ஓட்டறப்ப எடுக்க மாட்டா. நான்தான் அப்படிப் பழக்கினேன்."

"நல்லாப் பழக்கினீங்க. வண்டிய எடுங்க!"

ஸ்கூட்டரில் அவள் பின்னால் உட்கார்ந்து அவர் சட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பாலத்து வழியாத்தானே போவா?"

"வேற எந்த வழி? வேகமாப் போங்க."

"போய்ட்டுதானே இருக்கேன்!"

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை முழுசாச் சொல்லியிருக்கலாம். போட்டோ எடுத்தாச்சுன்னு."

"நீ முழுசாக் கேட்டியா? சுவருகிட்டதானே கேட்ட. சுவரு சொல்லட்டும்னு விட்டுட்டேன்."

"சும்மா துடைக்கறவதானே நான். எனக்கென்ன முழுசா கேக்கத் தெரியும்?"

அவர் ஆக்ஸிலேட்டரை முறுக்கினார். சிக்னலில் சிவப்பு விழுந்தது. அவள் அவர் முதுகில் குத்தினாள். அவர் நின்றார். நிற்காமல் போயிருந்தாலும் திட்டியிருப்பாள், நின்றதற்கும் திட்டினாள்.

பாலம் ஏறி இறங்கியதும் தெரிந்தது. ஓரமாக நிற்கும் கார், மூடியின் விளிம்பெல்லாம் புகை. மகள் முன்னால் குனிந்து, மூடியைத் திறக்கப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொறக்காத!" ஸ்கூட்டர் நிற்பதற்குள் அம்மா குதித்தாள். ஒரு செருப்பு கழன்று சாலையிலேயே கிடந்தது. "தொறக்காதடி! காத்து பட்டா குப்புனு பிடிச்சிக்கும். இந்தப் பக்கம் வா!"

அப்பா மகளைத் தோளோடு அணைத்துப் பின்னால் இழுத்தார். லாரியை நிறுத்திவிட்டு ஒருவர் குடத்தோடு இறங்கி வந்தார்.

"தண்ணி ஊத்தட்டுமாம்மா?"

"வேணாங்கண்ணே. எண்ணெய், கரண்ட் ரெண்டும் இருக்கு. உங்க லாரில தீயணைக்கற சிலிண்டர் இருக்கா?"

இருந்தது. இன்ஜின் அணைந்துதான் இருந்தது. காருக்குள்ளேயிருந்து மூடி திறக்கும் நெம்பியை இழுத்து, மூடியை ஒரு விரல்கடை மட்டும் தளர்த்த அப்பாவிடம் சொன்னாள். அவர் அப்படியே செய்துவிட்டு நகர்ந்தார். அந்த இடுக்கு வழியாக அவள் சிலிண்டரை அழுத்தினாள். வெள்ளைத் தூள் உள்ளே பாய்ந்தது. புகை அடர்ந்து, மெலிந்து, பிறகு நாற்றம் மட்டும் மிஞ்சியது. இன்னும் கொஞ்ச நேரம் யாரையும் கிட்டே விடவில்லை அவள்.

"ரப்பர் தீயற மாதிரி வாடை வந்துச்சும்மா" என்றாள் மகள். கைப்பையை மார்போடு இறுக்கிப் பிடித்திருந்தாள். "அதான் ஓரம் கட்டி ஆஃப் பண்ணிட்டேன். பாலத்து மேலயே வந்துச்சு, நடுவுல நிறுத்த பயமா இருந்துச்சு."

"கடவுள் புண்ணியம்" என்றார் லாரிக்காரர். "ஏம்மா, யாரு பாத்த வேலை இது? அவங்கள சும்மா விடாதீங்க."

"நான்தான்" என்றார் அப்பா.

"நான்தான்" என்றாள் அம்மா, அதே நேரத்தில்.

லாரிக்காரர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். காலிச் சிலிண்டரை வாங்கிக்கொண்டு, "பாத்துக்கங்க" என்று சொல்லிப் போய்விட்டார்.

மகள் அழவில்லை. கோபத்தில் காது சிவந்திருந்தது.

"பேசிக்கலல்ல? அந்த ஆச்சு பாஷைதானே? உள்ள உக்காந்து நானும் கேட்டேன். கேட்டுட்டு சிரிச்சேன்."

"சிட்டு, அது வந்து..." என்றார் அப்பா.

"எதும் வராதுப்பா. சின்னதுல உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல நின்னு தூது போயிருக்கேன். 'அப்பாகிட்ட சொல்லு', 'அம்மாகிட்ட கேளு'. எனக்கு அப்ப அது விளையாட்டு. இன்னிக்கு நான் எரிஞ்சிருப்பேன்."

"வாயக் கழுவு" என்றாள் அம்மா.

மகளின் கைப்பையில் போன் அடித்தது. மாமனார். அவள் எடுத்தாள்.

"படம் வந்துச்சுங்களா மாமா? ஆமாங்க. நல்லா பண்ணியிருக்காங்க... இல்ல, வண்டி இங்க இருக்கும். கொஞ்சம் கோளாறு. இல்ல, எனக்கு ஒண்ணும் இல்ல. அத அவங்களே உங்ககிட்ட சொல்லுவாங்க." வைத்துவிட்டாள்.

"நான் சொல்றேன்" என்றார் அப்பா. "எல்லாத்தையும் சொல்றேன். அன்னிக்கு அவர்கிட்ட நான் சொன்னது பொய்னும் சேத்து."

"யாரு சொல்றதுன்னு ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நான் பஸ்ல போறேன்."

"நான் கூட வரட்டுமாடி?"

"வேணாம்மா."

பஸ் நிறுத்தம் வரை அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். பஸ் வரும்வரை இருவரும் நின்று பார்த்தார்கள். வந்தது, ஏறினாள், போய்விட்டது.

இழுவை வண்டி வர நேரமாகும் என்றார்கள். அவர் நடுச்சாலைக்குப் போய்க் கழன்று கிடந்த செருப்பை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தார். அவள் போட்டுக்கொள்ளவில்லை.

"கோவமா இருக்கியா?"

"இருக்கேன்."

"நான் அவர்கிட்ட சொன்னதுக்கா?"

"அதெல்லாம் பாலத்துக்கு அந்தப் பக்கமே போச்சு." அவள் கார் மூடியையே பார்த்தாள். "இது அந்தக் கோவம் இல்ல. எம்மேல எனக்குக் கொஞ்சம், உங்கமேல கொஞ்சம். எது எவ்வளவுன்னு தெரியல."

"சரி."

"சரின்னு சொல்லிட்டு நிக்காதீங்க. ஏதாவது பேசுங்க."

அவர் யோசித்தார். குனிந்து செருப்பை அவள் கால் பக்கம் திருப்பி வைத்தார். சாலையில் வண்டிகள் போய்க்கொண்டே இருந்தன.

"அவ கைப்பைய எப்படி இறுக்கிப் பிடிச்சிருந்தான்னு நீ பாத்தியா?" என்றார் கடைசியில்.

"பாத்தேன்" என்றாள் அவள். "நீங்களும் பாத்தீங்களா?"